காட்டுப் பூஞ்சையிலிருந்து பழச்சாற்று நொதி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழச்சாறும் பழக்கூழும் ஆக்கும் சிறு தொழில்முனைவோருக்கான பயிற்சிகளிலும், நுண்ணுயிரியல் மாணவர்களின் இறுதியாண்டு ஆய்வுத் திட்டங்களிலும் ஏறத்தாழ ஒரே ஐயங்கள் ஆண்டுதோறும் எழுகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். முன்னே சொன்னதைப் பின்னே மறுபடி சொல்லவில்லை என்பதால் வரிசையாகப் படிப்பது நல்லது.

1. பழத்தைப் பிழிந்தாலே சாறு வருமே, அதற்கு நொதி எதற்கு?

எலுமிச்சைக்கும் சாத்துக்குடிக்கும் தேவையில்லை. ஆனால் நன்கு பழுத்த வாழைப்பழத்தையோ கொய்யாவையோ அரைத்துத் துணியில் கட்டிப் பிழிந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்: சாறு சொட்டாது, கூழ் துணியின் கண்களை அடைத்துக்கொள்ளும். தாவரச் செல்களை ஒன்றோடொன்று ஒட்டி வைத்திருக்கும் பெக்டின் என்னும் பசைப்பொருள்தான் இதற்குக் காரணம். பழத்தை அரைக்கும்போது அது சாற்றில் கரைந்து, நீரைப் பிடித்து வைத்துக்கொண்டு, சாற்றைக் கொழகொழப்பாக்கிவிடுகிறது. ஜாம் உறைவதும் இதே பொருளால்தான்.

பெக்டினை வெட்டும் பெக்டினேஸ் என்னும் நொதி, அதாவது என்சைம், இந்தப் பிடியைத் தளர்த்துகிறது. சாறு எளிதில் பிரிகிறது, வடிகட்டுவது விரைவாகிறது, சக்கையில் தங்கிப்போகும் சாறு குறைகிறது. உகாண்டாவிலும் ருவாண்டாவிலும் வாழைப்பழத்தைத் தர்ப்பை இனப் புல்லோடு சேர்த்துப் பிசைந்து சாறு எடுக்கும் பழைய வழக்கம் ஒன்று உண்டு. அதற்கு நொதி வேண்டியதில்லை. ஆனால் எல்லா வாழை இரகங்களுக்கும் அந்த முறை ஒத்துவருவதில்லை.

2. அந்த நொதியைப் பூஞ்சையிடம் போய் ஏன் வாங்க வேண்டும்? பழத்திலேயே இல்லையா?

பழத்திலும் இருக்கிறது, பழம் கனியும்போது இளகுவதில் அதற்கும் பங்கு உண்டு. ஆனால் பிரித்தெடுத்துத் தொழிலுக்குப் பயன்படுத்தும் அளவுக்கு அது கிடைப்பதில்லை. பூஞ்சைக்கு வாய் இல்லை. அது தன் உணவை உடலுக்கு வெளியிலேயே செரித்துப் பிறகு உறிஞ்சுகிறது. ஆகவே செரிப்பு நொதிகளை ஏராளமாக வெளியே சுரந்தாக வேண்டும். நமக்கு வசதியாக அமைந்தது அதுதான்: செல்லை உடைக்காமலே நொதியைக் கழுவி எடுத்துவிடலாம். மேலும் அழுகும் பழத்தில் வாழும் பூஞ்சையின் நொதி பழத்தின் புளிப்பிலேயே, அதாவது பி.எச். 3.5 முதல் 5 வரையிலான நிலையில், நன்றாக வேலை செய்கிறது.

இந்த எண்ணம் புதியதன்று. ஜப்பானியரான ஜோகிச்சி தகாமினே, கோதுமைத் தவிட்டில் ஆஸ்பர்ஜில்லஸ் ஒரைசே பூஞ்சையை வளர்த்து மாச்சத்தைச் செரிக்கும் நொதியை எடுத்து, 1894இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். பூஞ்சைப் பெக்டினேஸைக் கொண்டு ஆப்பிள் சாற்றைத் தெளிய வைக்கும் முறையை 1930இல் அமெரிக்காவில் கெர்டெஸும் ஜெர்மனியில் மெலிட்ஸும் வெளியிட்டனர்.

3. பெக்டினேஸ் என்பது ஒரே நொதிதானே?

இல்லை, அது ஒரு குடும்பப் பெயர். பெக்டின் என்பது காலக்டுரானிக் அமில அலகுகள் கோத்த நீண்ட சங்கிலி; அந்த அலகுகளில் பலவற்றின் மேல் மெத்தில் தொகுதி ஒட்டிக்கொண்டிருக்கும். பெக்டின் மெத்தில் எஸ்டரேஸ் அந்த மெத்தில் தொகுதியைக் கழற்றுகிறது. பாலிகாலக்டுரானேஸ், கழற்றப்பட்ட இடங்களில் சங்கிலியை நீர் சேர்த்து வெட்டுகிறது. பெக்டின் லையேஸ், மெத்தில் தொகுதி இருக்கும்போதே சங்கிலியை முறித்துவிடுகிறது. எந்தப் பூஞ்சை எதை எந்த விகிதத்தில் சுரக்கிறது என்பதைப் பொறுத்துச் சாற்றின் போக்கே மாறும். பின்னால் வரும் 11, 13ஆம் கேள்விகளுக்கு இந்த வேறுபாடு தேவைப்படும்.

4. காட்டுப் பூஞ்சை என்றால் காட்டுக்குத்தான் போக வேண்டுமா?

'காட்டு' என்பது இங்கே இடத்தைக் குறிக்கவில்லை; ஆய்வகத்தில் திருத்தப்படாமல் இயற்கையில் இருந்தபடியே எடுத்த இனம் என்பதைக் குறிக்கிறது. பெக்டின் எங்கே அழுகுகிறதோ அங்கே தேடுவதே முறை. பழச்சந்தையின் கழிவுக் குவியல், சாற்றுக்கடைப் பின்புறத்து ஆரஞ்சுத் தோல், காப்பிப் பழத்தின் சதைக்கழிவு, வெங்காயத்தின் மேல் படியும் கரும்பொடி ஆகியவை நல்ல தொடக்கம். காப்புக்காட்டில் மாதிரி எடுப்பதானால் வனத்துறையின் அனுமதி வேண்டும். அது வெறும் சடங்கு என்று எண்ணிவிட வேண்டாம். 15ஆம் கேள்வியைப் பார்க்கவும்.

தொழிலுலகை மாற்றிய பூஞ்சைகள் சில மிகச் சாதாரணமான இடங்களில் அகப்பட்டவை. இரண்டாம் உலகப் போரின்போது சாலமன் தீவுகளில் அமெரிக்கப் படையினரின் பருத்தித் துணிகளைத் தின்று தீர்த்த டிரைக்கோடெர்மா ரீசை பூஞ்சையின் கியூ.எம்.6ஏ என்ற ஒற்றை மாதிரியிலிருந்து, செல்லுலேஸ் நொதி ஆக்கும் இனங்களின் பெரிய பரம்பரையே உருவாக்கப்பட்டது. 1943இல் அமெரிக்காவின் பியோரியா நகரில் அழுகிய முலாம்பழம் ஒன்றில் கிடைத்த பெனிசிலியம், பெனிசிலின் உற்பத்தியை உயர்த்திய இனங்களுக்குத் தாயானது.

5. பெக்டின் தட்டில் பெரிய வளையம் காட்டுவதுதானே சிறந்த பூஞ்சை?

பெக்டினை மட்டும் உணவாகக் கொண்ட அகர் தட்டில் பூஞ்சையை வளர்த்து, அயோடின் கரைசலை ஊற்றினால், பெக்டின் சிதைந்த இடம் வெளிறிய வளையமாகத் தெரியும். அந்த வளையம் 'இங்கே நொதி உண்டு' என்று சொல்லும்; 'எவ்வளவு உண்டு' என்று நம்பகமாகச் சொல்லாது. வேகமாகப் படரும் பூஞ்சைக்கு வளையமும் பெரிதாகத்தான் இருக்கும். வளையத்தின் விட்டத்தைப் பூஞ்சைக் கூட்டத்தின் (காலனியின்) விட்டத்தால் வகுத்துப் பார்த்தால் ஓரளவு நியாயமான ஒப்பீடு கிடைக்கும். தட்டில் முந்தியது தவிட்டில் பிந்துவதும் உண்டு என்பதால், தேறிய ஐந்தாறு பூஞ்சைகளையாவது தவிட்டில் வளர்த்து அளந்த பிறகே தெரிவு செய்ய வேண்டும்.

நான் மிகுதியாகக் காணும் தவறு ஒன்றுண்டு. உருளைக்கிழங்கு அகரிலேயே பெக்டினைக் கலந்துவிட்டு அயோடின் ஊற்றுகிறார்கள். கிழங்கின் மாவும் அயோடினோடு நிறம் தரும். அப்போது தெரிகிற வளையம் மாவைச் செரிக்கும் அமைலேஸுடையதாக இருக்கலாம். இந்த ஒரு பிழையின் மேல் ஆண்டு முழுவதற்குமான ஆய்வைக் கட்டியவர்களை அறிவேன்.

6. கறுப்பாக வளர்ந்திருக்கிறது, ஆஸ்பர்ஜில்லஸ் நைஜர் என்று எழுதிவிடலாமா?

எழுதக் கூடாது. கறுப்பு ஆஸ்பர்ஜில்லஸ் என்பது பல இனங்கள் அடங்கிய குழு. நைஜரும் வெல்விட்சியேயும் கண்ணுக்கும் நுண்ணோக்கிக்கும் ஒன்றுபோலவே தெரியும். பூஞ்சைகளை அடையாளம் காண வழக்கமாகப் படிக்கும் ஐ.டி.எஸ். மரபுப்பகுதியும் இவற்றைப் பிரித்துக் காட்டுவதில்லை. கால்மோடுலின் மரபணுவைப் படித்தால்தான் தெளிவு கிடைக்கும். இந்தக் குழுவிலேயே உள்ள கார்பனாரியஸ், ஆக்ராடாக்சின் என்ற நச்சை ஆக்குவதில் பேர்போனது என்பதால், பெயர் தவறினால் பாதுகாப்பும் தவறிப்போகும்.

அதற்கு முன், கையில் இருப்பது ஒரே பூஞ்சைதானா என்பதை உறுதி செய்ய ஒற்றை வித்திலிருந்து (ஸ்போரிலிருந்து) மீண்டும் வளர்த்தெடுக்க வேண்டும். இந்த வேலைக்குக் கிடைமட்டக் காற்றோட்ட மேடை உகந்ததன்று; அது தட்டைக் காக்கும், ஆனால் வித்துகளை வேலை செய்பவரின் முகத்தை நோக்கியே வீசும். உயிரியல் பாதுகாப்புப் பெட்டி வேண்டும். ஆஸ்துமா உள்ளவர்களும் நோயெதிர்ப்பு குன்றியவர்களும் இந்த வேலையை ஏற்காதிருப்பதே நல்லது.

7. தவிட்டில் வளர்ப்பதா, திரவத்தில் வளர்ப்பதா?

பெரிய ஆலைகளில் திரவ நொதித்தல் பரவலாக இருக்கிறது. வெப்பத்தையும் காற்றையும் பி.எச். அளவையும் அங்கே கட்டுப்படுத்துவது எளிது. இழைப் பூஞ்சைக்கு இயல்பான வாழ்விடம் ஈரமான திடப்பொருள் என்பதால், சிறு அளவில் தொடங்குவோருக்குத் தவிட்டில் வளர்க்கும் திடநிலை நொதித்தலையே பரிந்துரைப்பேன். செலவு குறைவு, நீர் குறைவு, கிடைக்கும் நொதி செறிவானது. மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் இம்முறையில் நீண்டகாலம் ஆய்வு செய்திருக்கிறது.

10 கிராம் கோதுமைத் தவிட்டுக்கு 12 மி.லி. அளவில் தாது உப்புக்கரைசல் சேர்த்துப் பிசிறினால் ஈரப்பதம் 60 விழுக்காட்டை ஒட்டி வரும். கையில் அள்ளிப் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், ஆனால் நீர் சொட்டக் கூடாது. புட்டுக்கு மாவு பிசிறத் தெரிந்தவர்களுக்கு இந்தப் பதம் சொல்லித்தர வேண்டியதில்லை. 121 டிகிரி செல்சியஸில் ஆட்டோகிளேவ் செய்து, அதாவது அழுத்த நீராவியில் கிருமி நீக்கி, ஆறவிட்டு, கிராமுக்குப் பத்து லட்சம் முதல் ஒரு கோடி வித்துகள் வரை கலந்து, ஏறத்தாழ 30 டிகிரியில் மூன்று முதல் ஐந்து நாள் வைக்க வேண்டும். காய்ந்த ஆரஞ்சுத் தோல் பொடியைச் சிறிது சேர்த்தால் அதிலுள்ள பெக்டின் நொதிச் சுரப்பைத் தூண்டும்.

குடுவையில் வெற்றி பெற்றவர்கள் தட்டத்துக்கு மாறும்போது இடறுவது வெப்பத்தால். வளரும் பூஞ்சை தானே சூட்டை வெளியிடுகிறது. தவிடு அந்தச் சூட்டை எளிதில் வெளியேற விடாது. படுகை தடிமனானால் நடுப்பகுதி 40 டிகிரியைத் தாண்டி, பூஞ்சையும் நொதியும் கெடும். ஆகவே சில சென்டிமீட்டருக்கு மேல் பரப்பாமல், அறையை ஈரக்காற்றோடு வைத்து, படுகையின் நடுவில் வெப்பமானியைச் செருகிப் பார்க்க வேண்டும். மேலே கறுப்பு வித்துகள் மண்டுவதற்கு முன்பே அறுவடை செய்துவிட வேண்டும்.

8. வெல்லம் போட்டால் பூஞ்சை இன்னும் செழிப்பாக வளருமே, நொதியும் கூடுமல்லவா?

பூஞ்சை செழிக்கும், நொதி குறையும். எளிதில் உண்ணத்தக்க குளுக்கோஸ் கைக்கெட்டும்போது, பெக்டினை வெட்டும் நொதிக்கான மரபணுக்களைப் பூஞ்சை அடக்கிவைக்கிறது. ஆக்கிய சோறு இருக்கும்போது யாரும் நெல் குத்துவதில்லை. வளர்ச்சியைத் தொடங்கிவைக்க மிகச் சிறிதளவு சர்க்கரை தீங்கு செய்யாது, அவ்வளவுதான்.

9. தவிட்டிலிருந்து நொதியை எப்படிப் பிரிப்பது?

ஒரு கிராம் தவிட்டுக்கு 10 மி.லி. என்ற அளவில், பி.எச். 4.5 முதல் 5 வரையுள்ள தாங்கற்கரைசலை (பி.எச். மாறாமல் காக்கும் பஃபரை) ஊற்றி, ஏறத்தாழ ஒரு மணி நேரம் கலக்கி, துணியில் வடித்து, மையவிலக்கியில் சுழற்றினால் மேலே நிற்கும் பழுப்பு நீர்தான் கச்சா நொதி. அதில் வித்துகள் மிச்சமிருக்கும் என்பதால் 0.2 மைக்ரோமீட்டர் வடிகட்டியின் வழியே செலுத்த வேண்டும். செறிவாக்குவதற்கு மீநுண் வடிப்புச் சவ்வு நல்லது. பாடப்புத்தகங்கள் சொல்லும் அம்மோனியம் சல்பேட் படிவு முறை ஆய்வுக்குப் பொருந்தும். சாற்றில் இடப்போகும் பொருளுக்கு அந்த உப்பை மறுபடி நீக்கும் வேலை கூடிவிடும்.

10. எனக்கு 40 யூனிட் வந்தது, நண்பருக்கு 400 வந்ததாம். அவருடைய பூஞ்சை பத்து மடங்கு சிறந்ததா?

முதலில் எதற்கு எத்தனை யூனிட் என்று கேளுங்கள். ஒரு யூனிட் என்பது வழக்கமாக ஒரு நிமிடத்தில் ஒரு மைக்ரோமோல் காலக்டுரானிக் அமிலத்தை விடுவிக்கும் நொதியளவு. முந்தைய பதிலில் சொன்ன ஒன்றுக்குப் பத்து என்ற விகிதத்தில் கழுவினால், மி.லி.க்கு 40 யூனிட் என்பதும் தவிட்டின் கிராமுக்கு 400 யூனிட் என்பதும் ஒன்றே. இருவரின் பூஞ்சையும் சமமாகவே இருக்கலாம்.

வெப்பநிலை, பி.எச்., பயன்படுத்திய பெக்டின் ஆகியவை மாறினாலும் எண் மாறும். தவிட்டுச் சாற்றில் முன்பே ஒடுக்கும் சர்க்கரைகள் இருக்கின்றன. அத்தகைய சர்க்கரையை நிறத்தால் அளக்கும் டி.என்.எஸ். முறையில், கொதிக்க வைத்துச் செயலிழக்கச் செய்த நொதியைக் கொண்டு ஒரு வெற்றுச் சோதனை செய்து அதைக் கழிக்காவிட்டால், தவிட்டின் சர்க்கரை நொதியின் கணக்கில் ஏறிவிடும்.

11. எந்தப் பழத்துக்கு எவ்வளவு போட வேண்டும்? எல்லாப் பழத்துக்கும் இதுவே போதுமா?

வணிக நொதிகளுக்குத் தயாரிப்பாளர் தரும் தாளில் அளவு இருக்கும். பெரும்பாலும் டன் பழக்கூழுக்குச் சில பத்து முதல் சில நூறு மி.லி. வரை. கூழை 45 முதல் 50 டிகிரிக்குச் சூடாக்கி ஒன்று முதல் இரண்டு மணி நேரம் வைப்பது வழக்கம். போதுமா என்று அறிய எளிய சோதனை ஒன்றுண்டு: வடித்த சாறு ஒரு பங்கு, சிறிது அமிலம் சேர்த்த எத்தனால் இரண்டு பங்கு கலந்து, கால் மணி நேரம் பொறுத்துப் பாருங்கள். கூழ்க்கட்டியோ திரிதிரியாகவோ எழுந்தால் பெக்டின் இன்னும் மீதமிருக்கிறது.

பழத்துக்குப் பழம் கணக்கு வேறு. ஆப்பிள், வாழை, கொய்யா ஆகியவற்றில் பலன் வெளிப்படையாகத் தெரியும். கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பெங்களூரா மாம்பழத்தைக் கூழாகவே விற்பவருக்கு நொதி வேண்டியதில்லை. தெளிந்த சாறாக்குபவருக்குத்தான் வேண்டும். கம்பம் பன்னீர் திராட்சையில் நொதி தோலின் நிறத்தையும் இறக்கித் தரும். ஆனால் கச்சா நொதியில் பீட்டா குளுக்கோசிடேஸ் மிகுந்திருந்தால் அந்த நிறத்தையே வெளிறச் செய்துவிடும். நெல்லிக்காயின் துவர்ப்புப் பொருள்கள் நொதியை முடக்குபவை. ஆரஞ்சுச் சாற்றில் கலங்கலே விரும்பப்படுகிறது. அங்கே பழத்தின் சொந்த மெத்தில் எஸ்டரேஸ் அந்தக் கலங்கலைக் கெடுத்துவிடாதிருக்க 90 டிகிரியை ஒட்டிச் சூடாக்கி அதைச் செயலிழக்கச் செய்கிறார்கள்.

12. நொதி போட்டும் சாறு தெளியவில்லையே?

மேலே சொன்ன எத்தனால் சோதனையில் பெக்டின் இல்லை என்று வந்தால், குற்றம் பெக்டினுடையதன்று. ஒரு துளி அயோடின் விட்டுப் பாருங்கள். நீலமானால் மாச்சத்து இருக்கிறது, அதற்கு அமைலேஸ் வேண்டும். முற்றாமல் பறித்த ஆப்பிளில் இது வழக்கம். குளிரவைத்த பின் கலங்கினால் புரதமும் துவர்ப்புப் பொருளும் சேர்ந்த படிவாக இருக்கலாம். பெண்டோனைட் களிமண் அதைப் பிடித்துக்கொள்ளும். இவற்றைப் பார்க்காமல் பெக்டினேஸையே இருமடங்காக்குவது வீண்செலவு.

13. இந்த நொதியால் சாற்றில் மெத்தனால் வரும் என்கிறார்களே, கண் போய்விடாதா?

மெத்தனால் உண்டாவது உண்மை. 3ஆம் பதிலில் சொன்ன மெத்தில் எஸ்டரேஸ் கழற்றும் மெத்தில் தொகுதிதான் மெத்தனாலாக வெளிப்படுகிறது. ஆனால் பழத்தின் சொந்த நொதியும் இதைச் செய்கிறது; எந்தப் புதுச்சாற்றிலும் சிறிதளவு மெத்தனால் உண்டு. முறையான அளவில் நொதி சேர்த்த சாற்றில் கூடும் அளவு கள்ளச்சாராயத்தோடு ஒப்பிடத்தக்கதே அன்று. பழத்தை நொதிக்க வைத்து வடிப்பவர்களுக்குத்தான் இது பெரிய கவலை. வடித்த சாராயத்தில் மெத்தனாலும் செறிவாகிவிடும். அவர்கள் எஸ்டரேஸ் குறைந்த, லையேஸ் மிகுந்த நொதியைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

14. நாங்களே வளர்த்த நொதியைச் சாற்றில் போட்டுக் குடித்துப் பார்க்கலாமா? ஜப்பானில் பூஞ்சையையே சாப்பிடுகிறார்களே?

கூடாது. இந்தத் தொகுப்பைத் தொடங்கியதற்கே காரணமான கேள்வி இது; ஒவ்வொரு ஆண்டும் யாராவது ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்கிறார். காட்டுப் பூஞ்சை நொதியை மட்டும் சுரப்பதில்லை. நைஜர் இனத்திலேயே சில மாதிரிகள் ஆக்ராடாக்சினையும் ஃபியூமோனிசின் பி2 என்ற நச்சையும் ஆக்குகின்றன. அழுகிய ஆப்பிளில் அகப்படும் பெனிசிலியம் எக்ஸ்பான்சம் பாட்டுலின் என்ற நச்சை ஆக்குகிறது. அதனால்தான் ஆப்பிள் சாற்றில் பாட்டுலின் கிலோவுக்கு 50 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்று வரம்பு இருக்கிறது. சாற்றைச் சூடாக்கினால் நொதி அழியும். இந்த நச்சுகள் பெரும்பாலும் அழியா.

ஜப்பானியர் உணவில் பயன்படுத்தும் ஆஸ்பர்ஜில்லஸ் ஒரைசே, அஃப்ளாடாக்சின் என்னும் நச்சை ஆக்கும் ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸின் நெருங்கிய உறவு. பல நூற்றாண்டுகளாகச் சமையற்கூடத்தில் பழக்கப்பட்டு, நச்சாக்கும் திறனை இழந்த பரம்பரை அது. ஓநாயும் வீட்டுநாயும் ஓரினம் என்பதற்காக ஓநாயைத் திண்ணையில் கட்டுவதில்லை. உணவுக்கான நொதி என்றால், அந்தக் குறிப்பிட்ட பூஞ்சை மாதிரி நச்சாக்காது என்ற சான்றும் விலங்குகளில் செய்த நச்சியல் ஆய்வும் வேண்டும். ஐ.நா. உணவு அமைப்பும் உலக சுகாதார அமைப்பும் சேர்ந்து நடத்தும் வல்லுநர் குழுவின் பொது வரையறையின்படி, ஈயம் கிலோவுக்கு 5 மி.கி.க்கு மிகாமலும், 25 கிராமில் சால்மோனெல்லாவும் ஈ. கோலையும் இல்லாமலும் இருக்க வேண்டும். இந்தியாவில் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் விதிகளில் அனுமதிக்கப்பட்ட நொதிகளும் அவற்றுக்கு மூலமான உயிரிகளும் பட்டியலிடப்பட்டுள்ளன. ஆய்வுக்கு ஆக்கிய நொதியைக் கொண்டு சாற்றின் அளவையும் தெளிவையும் அளக்கலாம். அளந்த சாற்றைக் கொட்டிவிட வேண்டும்.

15. நான் கண்டுபிடித்த பூஞ்சைக்குக் காப்புரிமை கிடைக்குமா?

இயற்கையில் இருந்த பூஞ்சையைக் கண்டெடுத்ததற்காக மட்டும் இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின்படி கிடைக்காது. அதைக் கொண்டு நீங்கள் உருவாக்கிய புதிய ஆக்கமுறைக்குக் கேட்கலாம். அப்போது பூஞ்சையை ஏற்கப்பட்ட சேமிப்பகத்தில் ஒப்படைக்க நேரிடும். சண்டிகரில் உள்ள நுண்ணுயிர் வகைத் தொகுப்பு 2002 முதல் புடாபெஸ்ட் உடன்படிக்கையின்கீழ் அத்தகைய பன்னாட்டு மையமாக இருக்கிறது.

அடுத்து, 2002ஆம் ஆண்டின் உயிரியல் பல்வகைமைச் சட்டம். பூஞ்சையும் இந்நாட்டின் உயிரியல் வளமே. 2023ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, இந்தியர் ஒருவர் இத்தகைய வளத்தைக் கொண்டு காப்புரிமை கேட்டால், அது வழங்கப்படுவதற்கு முன் சென்னையில் உள்ள தேசிய பல்லுயிர் ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். வணிகமாக்கும்போது ஒப்புதலும் பெற வேண்டும். எந்த நாளில், எந்த இடத்தில், யார் அனுமதியோடு மாதிரி எடுத்தீர்கள் என்ற குறிப்பு அப்போது கேட்கப்படும் என்பதால், முதல் நாளிலேயே ஏட்டில் எழுதி வையுங்கள்.

16. முதலில் நன்றாக நொதி தந்த பூஞ்சை, ஆறேழு முறை மாற்றி வளர்த்த பிறகு மந்தமாகிவிட்டது. ஏன்?

சத்து நிறைந்த தட்டில் திரும்பத் திரும்ப வளர்க்கும்போது, நொதி சுரக்கும் செலவில்லாமல் வேகமாகப் படரும் மாறுபாடுகள் மெல்ல மேலோங்குகின்றன. 8ஆம் பதிலில் சொன்ன அடக்கம் தற்காலிகமானது, இதுவோ நிலைத்துவிடக்கூடியது. நல்ல மாதிரி கிடைத்த வாரத்திலேயே வித்துகளைக் கிளிசராலில் கலந்து பல சிறு குப்பிகளாக மைனஸ் 80 டிகிரியில் உறைய வையுங்கள். உறைவுலர்த்தி வைத்தாலும் நல்லது. ஒவ்வொரு தொகுதி ஆக்கத்தையும் ஒரு புதிய குப்பியிலிருந்து தொடங்க வேண்டும். ஏற்கெனவே மந்தமாகிவிட்டதென்றால், பெக்டின் மட்டுமே உள்ள தட்டில் வித்துகளைப் பிரித்துத் தூவி, தனித்தனியாக எழும் கூட்டங்களில் சுரப்பு குன்றாத ஒன்று மிஞ்சியிருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.